விதைக்கும் நாளும் வெட்டும் நாளும்: பழத்தோட்டத்தில் பயறுவகை மூடுபயிர்

வயலில் பசுந்தாள் உரம் போடுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. நிலம் காலியாக இருக்கும்போது விதைக்கிறார், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறார், சில வாரம் மட்கவிட்டு அடுத்த பயிரை நடுகிறார். பழத்தோட்டத்தில் அந்த வசதி கிடையாது. முதன்மைப் பயிர் இருபது, முப்பது ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறது. அதன் உறிஞ்சுவேர்கள் ஏற்கெனவே மேல்மண்ணில் பரவியிருக்கின்றன. துளிர்க்கவும் பூக்கவும் காய்க்கவும் அதற்கென்று பருவங்கள் இருக்கின்றன. இடைவரிசையில் நாம் விதைக்கும் தட்டைப்பயறோ சணப்போ குளோவரோ, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு வந்து சேரும் விருந்தாளிதான். எப்போது வருகிறார், எப்போது கிளம்புகிறார் என்பதைப் பொறுத்தே அவர் வரவு வீட்டுக்கு உதவியாகவோ தொல்லையாகவோ அமைகிறது. இப்படி வெற்றுநிலத்தை மூடி வளரவிட்டுப் பிறகு வெட்டும் பயறுவகை மூடுபயிர் குறித்து எழுதப்படும் பெரும்பாலானவை எந்தப் பயறை விதைக்கலாம் என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. எந்த நாளில் வெட்டுவது என்ற கேள்விக்கும் அதே அளவு கவனம் தேவை; தோட்டத்தின் பலன் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

பயறுவகைச் செடி நிலத்தைத் தேற்றும் என்பது மிகப் பழைய அறிவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய உழவர்கள் சோர்ந்துபோன நிலத்தில் லூபின் விதைத்து மண்ணோடு மடக்கியிருக்கிறார்கள். ஏன் தேற்றுகிறது என்பதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை விளங்கவில்லை. 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசாங்கோ, சத்தில்லாத மணலில் வளர்த்த குளோவரும் பட்டாணியும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கூட்டிக்கொள்வதையும், கோதுமை அப்படிச் செய்யாததையும் அளந்து காட்டினார். 1886இல் ஜெர்மானியர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அந்த வேலை வேர்முடிச்சில் நடக்கிறது என்று நிறுவினார்கள்; 1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜெரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்றாலும், அதன் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரே உண்ண முடியாது. பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் என்னும் நொதி அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அதற்கான எரிபொருளைச் செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையாகக் கீழே அனுப்புகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் தாமே விளங்கும்: வெயில் குறைந்தால் சர்க்கரை குறையும், சர்க்கரை குறைந்தால் முடிச்சு சோரும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பூ வருவதற்குச் சற்று முன், மண் ஈரமாக இருக்கும் நாளில், செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைப் போட்டு, மண்கட்டியோடு பெயர்த்து, ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். மண் தானாகக் கரைந்து இறங்கும். செடியைக் கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணுக்குள்ளேயே அறுந்து தங்கிவிடும். வேரில் முடிச்சே இல்லை என்று தவறாக எண்ணிக்கொண்டு வருவோம். கழுவிய வேரிலிருந்து ஒரு முடிச்சை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் பிளந்தால், உள்ளே இளஞ்சிவப்போ இறைச்சிச் சிவப்போ தெரிய வேண்டும். அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான லெக்ஹீமோகுளோபின். நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் பகை. ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டையும் சமன்செய்து, வேண்டிய அளவு மட்டும் ஆக்சிஜனைக் கடத்தித் தருவது அந்தச் சிவப்புப் புரதம்தான். உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் முதிரவில்லை அல்லது பொருந்தாத பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை ஓய்ந்துவிட்டது. இன்னொன்றையும் அப்போதே கவனிக்கலாம். வேர்முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழுவால் வரும் கழலை வேரே பருத்து வீங்கியது, தேய்த்தாலும் உதிராது. இரண்டையும் ஒன்றாகக் கருதி மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு.

பொருந்திய பாக்டீரியா மண்ணில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. தட்டைப்பயறு, சணப்பு, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை ஏறத்தாழ ஒரே கூட்டத்துப் பாக்டீரியாவை ஏற்கும். வெப்பமண்டல மண்ணில் அது பரவலாக உண்டு. வெட்சும் பட்டாணியும் வேறு கூட்டம், குளோவர் வேறு, குதிரைமசால் வேறு, தக்கைப்பூண்டு வேறு. அந்த வகைப் பயறு அந்த நிலத்தில் விளைந்ததே இல்லை என்றால், அதற்குரிய ரைசோபியம் என்னும் முடிச்சுப் பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைப்பது நல்லது. வெயிலில் காயவைத்தால் பூசியது வீண். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே போனாலும் பல பயறுகளில் முடிச்சு சரியாக விழாது. நைட்ரஜனேஸுக்கு இன்றியமையாத மாலிப்டினம் அமில மண்ணில் செடிக்கு எளிதில் கிடைப்பதில்லை.

இனி, எவ்வளவு தழைச்சத்து உண்மையில் மரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்ற கணக்குக்கு வருவோம். நன்றாக வளர்ந்த மூடுபயிர் ஓர் எக்டேரில் 4 டன் உலர் எடை தந்தது என்றும், அதில் தழைச்சத்து 2.5 சதவீதம் என்றும் கொள்வோம். அது 100 கிலோ. கேட்க இனிப்பான எண் இது. பலரும் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் தோட்டத்தில் மரவரிசையை ஒட்டிய பட்டையை விதைக்காமல் விட்டிருப்போம். மூடுபயிர் நிற்பது நிலத்தின் 60 சதவீதப் பரப்பில் என்றால் 100 கிலோ 60 கிலோ ஆகிறது. அந்த 60 கிலோ முழுவதும் காற்றிலிருந்து வந்தது அல்ல. மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட் வடிவில் தழைச்சத்து இருந்தால் செடி முதலில் அதைத்தான் உறிஞ்சும், ஏனென்றால் சர்க்கரை செலவழித்துக் காற்றிலிருந்து எடுப்பதைவிட அது மலிவு. உரம் தாராளமாகப் போட்ட தோட்டத்தில் பயறு மதமதவென்று வளர்ந்தும் முடிச்சு குறைவாக இருப்பதன் காரணம் இதுவே. வெட்டிப் போட்ட தழையிலிருந்து முதல் பருவத்தில் செடிகளுக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு மாறுவது பெரும்பாலும் பாதியளவே; மிச்சம் மண்ணின் உயிர்களிலும் மட்கிலும் தங்கிப் பின்னர் மெல்ல வெளிவரும். ஆக, முதலில் சொன்ன 100 கிலோவில் முதல் ஆண்டில் மரத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது 30 கிலோ அளவே. இது ஏமாற்றம் தர வேண்டிய எண் அல்ல. ஆண்டுதோறும் தொடர்ந்தால் முன்னாண்டுகளின் மிச்சமும் சேர்ந்துகொள்ளும், அந்த அளவுக்கு உரத்தைக் குறைக்கவும் முடியும். ஆனால் 100 கிலோ கிடைத்துவிட்டதாக எண்ணி முதல் ஆண்டிலேயே உரத்தை நிறுத்தியவரின் மரம் வெளிறினால், பழி பயறின் மேல் விழுகிறது. தவறு கணக்கில் இருந்தது.

கைக்கெட்டும் தூரம் என்பதையும் சொல்லின் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். தழை விழுவது இடைவரிசையின் நடுவில்; இளமரத்தின் வேரும் சொட்டுநீர்த் தோட்டத்து மரத்தின் வேரும் திரண்டிருப்பது மரவரிசையில். நடுவில் வெட்டிப் போட்டு நடுவிலேயே விட்டால் சத்து அடுத்த மூடுபயிருக்கே உணவாகும். ஆகவே வெட்டிய தழையைப் பக்கவாட்டில் தள்ளும் வெட்டுகருவியாலோ வாரும் கோலாலோ மரத்தடிக்குக் கொண்டுவந்து மூடாக்காக இடுவதே சிறந்தது. தண்டை மட்டும் ஒரு சாண் அளவாவது தொடாமல் விட வேண்டும். பட்டையை ஈரத்தழை மூடியிருந்தால் அழுகல் தொடங்கும், எலிகள் தழைக்குள் ஒளிந்துகொண்டு பட்டையைக் கொறிக்கும். மண்ணோடு உழுது மடக்கினால் சத்து வேகமாக வெளிப்படும் என்பது உண்மை. மேலே விட்டால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும் என்பதும் உண்மை. இருந்தும், வேர் பரவிய தோட்டத்தில் சுழல்கலப்பையை ஆழ விடுவதை நான் ஏற்பதில்லை. மேல் 15 செ.மீ. மண்ணில் இருக்கும் உறிஞ்சுவேர்களை அறுத்துவிட்டு அவற்றுக்கு உணவு போடுவது முறையாகாது.

வெட்டும் நாளைத் தீர்மானிப்பது தழையில் உள்ள கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையிலான விகிதம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களின் உடலில் இந்த விகிதம் ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று. அவை உண்ணும் தழையில் விகிதம் 20, 25க்குக் குறைவாக இருந்தால், தாம் வளர்ந்தது போக மிஞ்சும் தழைச்சத்தை மண்ணில் விடும். 30ஐத் தாண்டினால் போதாக்குறையை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மரம் பட்டினி கிடக்கும். முற்றிய தானியப் பயிரின் வைக்கோலில் இந்த விகிதம் 80 அளவுக்குப் போகும். இளம் பயறுச்செடியில் 15க்கும் 20க்கும் இடையில் இருக்கும். செடி முற்ற முற்ற ஏறிக்கொண்டே போகும். சணப்பில் இதைக் கையாலேயே உணரலாம். மொட்டு விடும் நிலையில் தண்டை இடுப்புயரத்தில் பிடித்து மடக்கினால் சட்டென்று ஒடியும், முறிந்த இடத்தில் சாறு கசியும். அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து அதே தண்டை மடக்கினால் வளையும், ஒடியாது. முறுக்கிப் பார்த்தால் நார் நாராகப் பிரியும். கயிறு திரிக்கத்தான் அது இப்போது தகுதி. அந்த நிலையில் வெட்டிப் போட்டால் மூடாக்காக நெடுநாள் கிடக்கும். சத்தை மட்டும் விரைவில் எதிர்பார்க்க முடியாது. சுமார் 45 முதல் 60 நாள் என்று பொதுவாகச் சொல்லும் எண்ணைவிட, மொட்டும் தண்டின் ஒடிவும் நம்பகமான அடையாளங்கள். குளிரிலும் வறட்சியிலும் செடி வயதைவிட மெல்லவோ வேகமாகவோ முற்றும்.

இதோடு சேர்ந்தது இன்னொரு பரவலான தவறு. தட்டைப்பயறையோ உளுந்தையோ ஊடுபயிராகப் போட்டு, காயைப் பறித்து, செடியையும் வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய்விட்டு, மண்ணுக்கும் வளம் சேர்ந்தது என்று திருப்தி அடைவது. காய் முற்றும்போது செடியில் இருக்கும் தழைச்சத்தில் பாதிக்கும் மேல் விதைக்குள் போய்விடுகிறது. விளைச்சல் வேண்டும் என்றால் அது நியாயமான தேவை, எடுத்துக்கொள்ளலாம். அதை மண்வளக் கணக்கில் எழுதக் கூடாது.

தழையின் கணக்கு இவ்வளவு என்றால், மரத்தின் கணக்கு வேறு. இலையுதிர்க்கும் பழமரங்கள் வசந்தத்தில் முதல் துளிரையும் பூவையும் பெரும்பாலும் முந்தைய ஆண்டு கட்டையிலும் வேரிலும் சேமித்த தழைச்சத்தைக் கொண்டே வெளியிடுகின்றன. வேர் மண்ணிலிருந்து சுறுசுறுப்பாக உறிஞ்சுவது இலை விரிந்த பிறகுதான். வெட்டிய இளந்தழை வெதுவெதுப்பான ஈரமண்ணில் நான்கு முதல் ஆறு வாரங்களில் தன் சத்தின் பெரும்பங்கை விட்டுவிடும் என்பதால், பூப்பருவத்தை ஒட்டி வெட்டியது இலையும் பிஞ்சும் வளரும் காலத்துக்கு வந்து சேர்கிறது. அதே தழையை இரண்டு மாதம் தாமதித்து வெட்டினால், பழம் நிறமேறும் நேரத்தில் சத்து வெளிவரும். ஆப்பிளில் அதன் விளைவு நன்கு தெரிந்தது: நிறம் மங்கும், சதை தளரும், கிளை கொழுத்து நீளும், கிளையோடு போட்டியிட முடியாமல் பழத்தில் சுண்ணாம்புச்சத்து குறைந்து கசப்புக்குழி நோய் கூடும். திராட்சையில் கொடி இலையாகத் தழைத்துக் குலை நிழலில் மூழ்கும். மாமரம் போன்ற பசுமை மாறா மரங்களில் அறுவடைக்குப் பிந்தைய துளிருக்குத் தழைச்சத்து தேவை. ஆனால் பூக்குமுன் மரம் ஓய்ந்திருக்க வேண்டிய காலத்தில் அது வந்தால், பூங்கொத்து வர வேண்டிய நுனியில் துளிர் வரும். ஒரே பயறு, ஒரே எடை, ஒரே மண். நாள் மட்டும் வேறு. இதனால்தான் மூடுபயிரைப் பற்றிப் பேசும்போது வெட்டும் நாளை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளை அமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

நீரைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஒரு கிலோ உலர் எடை உண்டாக்கச் செடி ஏறத்தாழ 500 லிட்டர் நீரை இலைவழி வெளியேற்றும் என்று வைத்தால், எக்டேருக்கு 4 டன் தழை 200 மி.மீ. மழைக்கு ஈடான நீரைக் குடித்திருக்கிறது. வெற்று நிலமாக விட்டிருந்தால் அந்த 200 மி.மீட்டரும் மரத்துக்கு மிஞ்சியிருக்கும் என்று பொருளல்ல. ஒரு பகுதி ஆவியாகியிருக்கும், ஒரு பகுதி மண்ணையும் அள்ளிக்கொண்டு சரிவில் ஓடியிருக்கும். ஆனாலும் மானாவாரித் தோட்டத்தில் மழை முடிந்த பின்னும் மூடுபயிரை நிற்க விடுவது மரத்தின் குவளையிலிருந்து அள்ளிக் குடிப்பதுதான். மழையோடு விதைத்து, மழை முடியுமுன் வெட்டி மூடாக்காக்கினால், குடித்த நீரில் ஒரு பங்கையாவது ஆவியாகாமல் காத்துத் திருப்பித் தரும். குளிர்கால மழையும் வறண்ட கோடையும் உள்ள நாடுகளில் சப்டெரேனியன் குளோவர் தோட்டக்காரர்களுக்கு உகந்ததாக இருப்பதன் காரணம் அது தானே இந்த ஒழுங்கில் நடப்பதுதான்: மழையில் வளர்ந்து, பூத்த காம்பை வளைத்து விதையை மண்ணுக்குள் புதைத்து, கோடை தொடங்கும்போது தானே காய்ந்து, அடுத்த மழையில் தானே முளைக்கும். அதற்கு நேர்மாறானது குதிரைமசால். ஆழவேர் கொண்ட, பல ஆண்டு வாழும் அந்தச் செடி நீர் குறைந்த தோட்டத்தில் மரத்தோடு நேருக்கு நேர் போட்டியிடும்.

நட்டு முதல் மூன்று ஆண்டுகள் மரத்தைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் அளவுக்கு எந்தச் செடியும் இருக்கக் கூடாது. இதில் சலுகை கொடுத்தவர்கள் மரத்தின் வளர்ச்சியில் அதற்கான விலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

தழைச்சத்தைவிடப் பெரிய நன்மை மண்ணின் கட்டமைப்பில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தழைச்சத்தை மூட்டையில் வாங்கிவிடலாம், கட்டமைப்பை வாங்க முடியாது. இதையும் கண்ணால் பார்க்கலாம். தொடர்ந்து உழுது வெறுமையாக வைத்த இடைவரிசையிலிருந்து ஒரு கோலிக்குண்டு அளவு காய்ந்த மண்கட்டியையும், சில ஆண்டு மூடுபயிர் கண்ட வரிசையிலிருந்து அதே அளவு கட்டியையும் எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றி, ஒரே நேரத்தில் மெல்ல இறக்கிப் பாருங்கள். முதல் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களில் குமிழ் விட்டுச் சரிந்து, நீரைக் கலக்கி, அடியில் சேறாகப் படியும். இரண்டாவது கட்டி குமிழ் விட்டாலும் உருக்குலையாமல் நிற்கும். கூர்ந்து பார்த்தால் மயிரிழை போன்ற வேர்த்துண்டுகளும் பூசண இழைகளும் மணிகளைக் கோத்ததுபோல் மண்துகள்களைப் பிணைத்திருப்பது தெரியும். மழைத்துளி விழும்போது தோட்டத்தில் நடப்பதும் இதுவேதான். சரிந்த துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேலே ஓடு கட்டும். அடுத்த மழை உள்ளே இறங்காது. பெரும்பாலான பழமரங்களின் வேரோடு கூடிவாழும் வேர்ப்பூசணங்கள் பயறு வேரோடும் கூடிவாழ்பவை. எனவே இடைவரிசையில் உயிர்வேர் இருக்கும் வரை அவற்றின் வலை அறுபடாமல் இருக்கிறது. வாகனம் ஓடி இறுகிய இடைவரிசையில் சணப்பின் ஆணிவேர் திறக்கும் துளைகள், வேர் மட்கிய பின் நீருக்கும் காற்றுக்கும் மண்புழுவுக்கும் வழியாகின்றன.

கட்டமைப்பு இரண்டு மூன்று ஆண்டில் தேறுவதைப் பார்க்கலாம். மண்ணின் கரிம அளவு அப்படி விரைவாக ஏறாது. ஓர் எக்டேரின் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 2,100 டன். அதில் கரிமத்தை 0.1 சதவீதம் உயர்த்த 2.1 டன் கரிமம் மண்ணில் நிலைத்து நிற்க வேண்டும். 4 டன் உலர் தழையில் கரிமம் ஏறத்தாழ 1.7 டன், ஓராண்டுக்குள் அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உண்டு மூச்சாக வெளியிட்டுவிடும். ஆறில் ஒரு பங்கு தங்கியது என்று தாராளமாக வைத்தாலும், தழையால் மட்டும் அந்த 0.1 சதவீதம் ஏற ஏழெட்டு ஆண்டு ஆகும். வேர்வழி மண்ணுக்குள் போகும் கரிமம் தழைவழி வருவதைவிட நெடுநாள் தங்கும் என்பதால் உண்மையான ஏற்றம் இதைவிடச் சற்று வேகமாக இருக்கலாம். வேர் மிகுந்த புல்வகை ஒன்றை, குளிர்ப்பகுதியில் ஓட்ஸையோ வெப்பப்பகுதியில் கம்பையோ சோளத்தையோ, பயறோடு கலந்து விதைப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு: புல் மண்ணில் உள்ள நைட்ரேட்டை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுவதால், பயறு காற்றை நாடியே ஆக வேண்டியிருக்கிறது. தனிப் பயறைவிடக் கலவையையே நான் விரும்புவேன்; வெட்டும் நாளில் மட்டும் கலவை கொஞ்சம் கண்டிப்பானது, ஏனென்றால் புல் கதிர் விட்டால் விகிதம் விரைந்து ஏறும்.

எந்தப் பயறு என்பதற்கு இப்போது வரலாம். உவரும் நீர்த்தேக்கமும் உள்ள நிலத்தில் தக்கைப்பூண்டு நிற்கும், சணப்பு நிற்காது. மழை குறைந்த, மெலிந்த நிலத்துக்குக் கொள்ளும் தட்டைப்பயறும் பொருந்தும். வேர்முடிச்சு நூற்புழு உள்ள தோட்டத்தில் தட்டைப்பயறின் பல ரகங்கள் அந்தப் புழுவையே வளர்த்துவிடும். அங்கே சணப்போ பூனைக்காலியோ போட்டால் புழு குறையும். ஆனால் பூனைக்காலியும் பியூரேரியாவும் கொடி வீசி மரத்தில் ஏறும். வாரம் ஒருமுறை மரவரிசையை நடந்து பார்த்துக் கொடியை விலக்க ஆள் இல்லாத தோட்டத்தில் அவற்றை விதைக்கக் கூடாது. பியூரேரியா இனத்தின் குட்ஸு கொடி 1876இல் அமெரிக்காவுக்கு அலங்காரக் கொடியாக வந்து, 1930களில் மண் அரிப்பைத் தடுப்பதற்காக அரசாலேயே பெருமளவில் நடச் சொல்லப்பட்டு, பிறகு தென்மாநிலங்களில் மரங்களையும் கட்டடங்களையும் மூடும் களையாக மாறியது. எனவே வெளியூர்ப் பயறைப் புதிதாகக் கொண்டுவருமுன், அது விதை பிடித்தால் எப்படி அடங்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் ஆடு மேய்ப்பவர்கள், சணப்பு சேர்ந்த கிலுகிலுப்பைப் பேரினத்தின் சில இனங்கள் கால்நடைக்கு நஞ்சு என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பூச்சிகளின் கதை இரு பக்கமும் உள்ளது. பயறின் பூவும் தழையும் பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி ஆகியவற்றுக்கு இடம் தருகின்றன. அதே தழை சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளுக்கும் இடம் தருகிறது. பீச் தோட்டத்தில் பிஞ்சு பிடித்திருக்கும்போது வெட்ச் முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால், இருக்க இடமிழந்த நாவாய்ப்பூச்சிகள் மரமேறிப் பிஞ்சைக் குத்தும். பழம் வடுப்பட்டுக் கோணிப்போகும். பூக்குமுன் வெட்டி முடிப்பது, அல்லது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக வெட்டுவது இதற்கு மாற்று. மூடுபயிர் பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் தேனீக்கள் சாகும் என்பதைத் தனியே வலியுறுத்த வேண்டியிருக்கிறது; மரம் பூக்காத காலம்தானே என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள், தரையில் பூத்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். உறைபனி விழும் பகுதிகளில் மரம் பூக்கும் நாள்களில் தழை உயரமாக நிற்கக் கூடாது. ஈரமான திறந்த மண் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடும். உயர்ந்த தழை அதைத் தடுப்பதால் பூ கருகும் இடர் கூடும்.

மண்ணை அமிலமாக்கும் போக்கும் பயறுக்கு உண்டு. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும்போது வேர் மின்சமநிலைக்காக ஹைட்ரஜன் அயனியை வெளியிடுகிறது. தழை மட்கி உண்டாகும் நைட்ரேட் மழையில் கீழே கசிந்து போனால் அமிலம் மேலும் தங்கும். பல ஆண்டு பயறு போடும் தோட்டத்தில் சில ஆண்டுக்கு ஒருமுறை கார அமில நிலையைச் சோதித்து, தேவைப்பட்டால் சுண்ணாம்பு இடுவது முறை. மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பயறு உண்டாக்குவதில்லை. ஆனால் இருப்பதைக் கரைத்துத் தரும் திறம் சிலவற்றுக்கு உண்டு. வெள்ளை லூபினின் கொத்துவேர் சிட்ரிக் அமிலத்தைக் கசியவிட்டு மணிச்சத்தை விடுவிக்கிறது. துவரை வேரின் கசிவு இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தையும் எடுக்கிறது. அந்தச் சத்து தழையில் ஏறி, தழை மட்கும்போது எளிய வடிவில் மேல்மண்ணுக்கு வருகிறது. மணிச்சத்து வறண்ட நிலத்தில் முடிச்சே சரியாக விழாது என்பதால், முதல் ஆண்டு உரத்தின் ஒரு பங்கை மரத்துக்குக் கொடுக்காமல் பயறுக்குக் கொடுப்பதில் நட்டமில்லை.

மரங்கள் பெருத்துக் கிளைகள் கைகோக்கும்போது தரையில் வெயில் குறைகிறது. சணப்பும் தட்டைப்பயறும் நெட்டையாக, வெளிறி, முடிச்சு குறைந்து நிற்கும். முதல் ஆண்டுகளில் கிடைத்த எடையில் பாதியும் கிடைக்காது. விதை கெட்டது என்று கடையை மாற்றுவார்கள். கெட்டது விதை அல்ல, மேலேயிருந்து வர வேண்டிய சர்க்கரை வரவில்லை. அந்தக் கட்டத்தில் நிழல் தாங்கும் கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, படரும் காட்டு நிலக்கடலை போன்ற பல்லாண்டுப் பயறுகளுக்கு மாறலாம். அல்லது கவாத்துச் செய்த ஆண்டில், வெளிச்சம் திறந்த வரிசைகளில் மட்டும் விதைத்து, மற்ற வரிசைகளில் மரத்தின் சொந்தச் சருகையும் நறுக்கிய கவாத்துக் கிளைகளையும் மூடாக்காக விடலாம். கிளைத்துண்டில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதன் மேல் அடுத்த வரிசையில் வெட்டிய பயறுத்தழையை ஓர் அடுக்காகப் போட்டால் இரண்டும் சேர்ந்து மட்கும். பயறு முளைக்காத அந்த நிழல்வரிசைக்கும் பக்கத்து வரிசையின் பயறு இப்படித்தான் போய்ச் சேரும்.